பதினான்காம் பாடத்துக் கோடு

ஆவாரங்கோட்டையில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணியிலிருந்து, யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், எதைச் செய்யக் கையெடுத்தாலும், அவருடைய தாடைக்கு இரண்டு விரற்கடை கீழே அந்தரத்தில் மஞ்சளாக ஒரு கோடு தோன்றி, இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக நிறைந்து, நிறைந்து முடிந்ததும் அந்தச் சொல்லோ செயலோ வெளியே வந்தது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கும் வந்தது, அவர்களை அதட்டிக்கொண்டிருந்த கங்காணிக்கும் வந்தது, பஸ் ஸ்டாப்பில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சங்கிலிக்கும் வந்தது, அம்மன் கோயில் பூசாரிக்கும் சர்ச் உபதேசியாருக்கும் ஒரே அளவில் ஒரே நிறத்தில் வந்தது. ஊர் ஒரு நிமிஷம் ஒருத்தர் தாடையை ஒருத்தர் பார்த்தது. பிறகு டீ ஆறிப்போகிறதே என்று எடுத்துக் குடித்தது.

யார் பார்த்த வேலை என்று கேட்டால், வேறு யார், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செண்பகவல்லி பார்த்த வேலைதான். அவள் ஒளிக்கவுமில்லை. கோட்டைப் பார்த்ததுமே, "அய்யோ, இது என் கோடுல்லா!" என்று கடைக்குள்ளிருந்து கத்தினாள்; அவள் கத்துவதற்கு முன்னால் அவள் தாடைக்குக் கீழேயும் அதே கோடு நிறைந்தது.

செண்பகவல்லிக்கு இன்னொரு தொழில் உண்டு, அது ஊருக்கு அரைகுறையாகத் தெரியும். உலகமெங்கும் பல லட்சம் பேர் கம்ப்யூட்டரில் ஆடுகிற 'ஏழு மதில்' என்றொரு விளையாட்டு; அதில் திரை நிறையப் பூதங்களும் மந்திரவாதிகளும் வந்து நிற்பார்கள், நம்முடைய உயிர் எவ்வளவு மிச்சம், எதிராளி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று ஒன்றும் பிடிபடாது. அதைக் காட்டுகிற கோடுகளையும் கட்டங்களையும் ஆடுகிறவர்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு ஆட்-ஆன் என்று பேர். அதை எழுதக் கற்றுத்தரும் பாடங்கள் அத்தனையும் இங்கிலீஷில் இருந்தன. செண்பகவல்லி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் மல்லுக்கட்டிக் கற்று, தனக்குப் பிறகு வருகிற ஒருத்தியும் இப்படிச் சாகக் கூடாது என்று இருபத்தாறு பாடங்களைத் தமிழில் எழுதி வலையில் போட்டாள். மாதிரி ஃபைல்கள் போட்டாள், எழுதியதில் தப்பு எங்கே என்று காட்டுகிற ஒரு கருவி செய்து போட்டாள், திரையில் தெரியும் எந்தக் கோட்டையும் மயிரிழை பிசகாமல் அளந்து சொல்கிற அளவுகோல் ஒன்றும் செய்து போட்டாள். அவளிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தார்கள்.

பதினான்காம் பாடம் மந்திரவாதியின் கோட்டைப் பற்றியது. விளையாட்டில் அவன் மந்திரத்தைத் தொடங்கியதும் ஒரு கோடு நிறையத் தொடங்கும். நிறைந்துவிட்டால் தலையில் நெருப்பு விழும். நிறைவதற்குள் ஓர் அடி போட்டால் கோடு சிவந்து அணைந்துபோகும், மந்திரமும் போகும். அந்தக் கோட்டை எழுதும்போது முன்னால் ஒரு சின்னச் சொல்லைப் போட வேண்டும், 'இது இந்த ஃபைலுக்கு மட்டும்' என்று அர்த்தம். போடாவிட்டால் எழுதியது அங்கே நிற்காமல் எங்கும் கசியும். மூன்றாம் பாடத்திலேயே சிவப்பெழுத்தில் இதை எச்சரித்தவள் அவள்தான். அப்படிப்பட்டவள் பதினான்காம் பாடத்தைத் திருத்தி எழுதுகையில், குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டதே என்று எழுந்து ஓடியவள், அந்தச் சொல்லைப் போடாமலே சேமித்துவிட்டாள். சோறு குழையவில்லை, ஊர் குழைந்துவிட்டது. மறுநாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி எழுதினாள், "அக்கா, பாடத்தை அப்படியே பார்த்து எழுதினேன், எங்கட தெருவிலயும் எல்லாருக்கும் கோடு" என்று. கடல் கடந்து கிள்ளானில் ஒரு மாடிக்குடியிருப்பு முழுக்க வந்திருந்தது. கடிதங்களைப் படித்துச் செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது, சேர்க்கத்தான் கை வைத்தாள். அதற்குள் ஊர் அந்தக் கோட்டோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியிருந்தது. எதிராளி வாயைத் திறக்கப்போகிறான் என்று முன்கூட்டியே தெரிவது எவ்வளவு பெரிய வசதி என்பதை முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு ரத்தினக்கனி. தீப்பெட்டி ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் கங்காணியிடம் திட்டு வாங்கியவள். கங்காணியின் கோடு பாதி ஏறும்போது, "அண்ணாச்சி, மேல பல்லி!" என்றாள். கோடு சிவந்தது, அணைந்தது. கங்காணி, "என்னமோ சொல்ல வந்தேனே" என்று முழித்துக்கொண்டு நின்றார். இப்படிக் கூப்பிட்டோ தொட்டோ தும்மியோ கரண்டியைக் கீழே போட்டோ ஒருத்தர் கோட்டை அணைப்பதற்கு ஊர் 'வெட்டுவது' என்று பெயர் வைத்தது. ஒரு வாரத்துக்குள் மாமியாரை மருமகள் வெட்டினாள், வாத்தியாரைப் பிள்ளைகள் வெட்டினார்கள், வார்டு கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர் இருமி இருமியே தலைவரின் முழுப் பேச்சையும் வெட்டிச் சாய்த்தார். கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடி மேல் அம்மன் இறங்கப்போகிற நேரம், கோடு நிறைய ஒரு நூல் இருக்கும்போது, எவரோ செல்போனில் "அலோ" என்று சொல்லிவிட, அம்மன் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டாள். மேளக்காரர்கள் மறுபடியும் முதலிலிருந்து அடித்து, ஆத்தாளைச் சமாதானம் பண்ணிக் கூட்டி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பெண்கள் சேலைத் தலைப்பால் தாடையை மூடிப் பார்த்தார்கள், ஆண்கள் துண்டைச் சுற்றிப் பார்த்தார்கள்; துணியைத் தாண்டியும் தெரிந்தது. இருபது நாளில் ஊரில் சண்டை என்பதே இல்லை. ஒரு பெரிய வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. வரப்பார்த்தால் நாலு பக்கமும் கை தட்டினார்கள். வார்டு மெம்பர் கடைக்கே வந்து, "தாயி, நீ அந்தச் சொல்ல இப்போதைக்குச் சேத்துராத. ஊரு அமைதியா இருக்கு. வர்ற எலெக்‌ஷன் வரைக்கும் இப்படியே ஓடட்டும்" என்று கும்பிட்டார். அவரே கேட்கும்போது நமக்கென்ன என்று செண்பகவல்லியும் விட்டுவிட்டாள்.

விடாமல் இருந்திருக்கலாம் என்று அவள் பிறகு நினைத்தாள். ஏனென்றால், எல்லாருக்கும் கோடு வருவதும் போவதுமாக இருக்க, அவள் புருஷன் சுடலைமணிக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே இரண்டாவதாக ஒரு கோடு அப்படியே நின்றது. சோறு கேட்கும்போதும் செருப்பைத் தேடும்போதும் அவனுக்கும் சின்னக் கோடுகள் வந்து போயின. அவற்றுக்குக் கீழே, கனமாக, பச்சையாக, முக்காலே மூணு வீசம் நிறைந்த ஒன்று, அவன் தூங்கும்போதுகூட அணையாமல் நின்றது. அவன் டவுன்பஸ் டிரைவர். ஒரு நாளைக்கு ஆறு நடை, நடைக்கு அறுபது பேர், அத்தனை பேரும் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தார்கள். பழுதான கோடு என்றார்கள். ரத்தினக்கனி நாலு தடவை பல்லி என்று கத்திப் பார்த்தாள். மற்றக் கோடுகளைப் போல இந்தப் பச்சைக் கோட்டைப் பாதியில் வெட்ட முடியாது, கடைசி நூலுக்கு வர வேண்டும் போலிருக்கிறது, அது அசையவில்லை.

ஆனால் அசைந்தது. அதைச் செண்பகவல்லி மட்டும்தான் கண்டாள், அவளிடம்தானே அளவுகோல் இருந்தது. தினமும் காலையில் அவன் சவரம் செய்யும்போது ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, தன் மாணவர்களுக்காகச் செய்த அந்தக் கருவியில் கொடுத்து அளந்தாள். ஒரு நாளைக்கு ஒரு கடுகில் பாதிகூட இல்லை, ஆனால் ஒரு நாளும் பிசகாமல் நிறைந்துகொண்டிருந்தது. நிறைகிற வேகம் தெரிந்தால் முடிகிற நேரம் தெரியும். பதினான்காம் பாடத்தின் கடைசிப் பயிற்சியே அதுதான். கணக்குப் போட்டாள். இந்த ஆவணியிலேயே, வருகிற புதன்கிழமை, பகல் பதினொன்றேகால் மணி. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கைப்பழக்கம், அதே கணக்கைப் பின்னோக்கியும் ஓட்டி, இந்தக் கோடு தொடங்கியது எப்போது என்று பார்த்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆவணி, ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதே முக்கால் என்று காட்டியது. மூன்று தடவை திரும்பப் போட்டாள். மூன்று தடவையும் அதே திங்கட்கிழமை, அதே ஒன்பதே முக்கால்.

அந்தத் திங்கட்கிழமையை ஆவாரங்கோட்டையில் மறந்தவர் இல்லை. வியாழக்கிழமை கல்யாணம், மாப்பிள்ளை சுடலைமணி, பெண் செண்பகவல்லி அல்ல, அவள் அக்கா பரமேஸ்வரி. காலையில் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கி வருகிறேன் என்று போன பரமேஸ்வரி திரும்பி வரவில்லை. கிணறு கிணறாகப் பார்த்தார்கள், கண்மாயில் ஆள் இறங்கித் தேடினார்கள், எவனோடாவது போயிருப்பாளோ என்று நாக்கில் நரம்பில்லாமலும் பேசினார்கள். பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மேடை வெறுமையாக இருக்கக் கூடாது. அப்படி ஆனால் தங்கச்சியை உட்கார வைப்பது அங்கே வழக்கம். கல்லூரியில் இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த செண்பகவல்லியின் தலையில் அக்காவுக்கு எடுத்த பட்டுச்சேலையைப் போட்டுக் கூட்டிவந்து உட்கார்த்தினார்கள். படிப்பு அதோடு நின்றது. அம்மா அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள், தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று, "பரமுவ எங்கயும் பாத்தீங்களா மாப்ள?" என்று சுடலைமணியிடம் கேட்பாள், அவன், "இல்ல அத்த" என்பான், அவள் வீட்டுக்குப் போவாள். கேட்டுக் கேட்டே செத்துப்போனாள்.

இவ்வளவுக்கும் ஊர் ஒரே ஓர் ஆள் மேல்தான் இரக்கப்பட்டது. பாவம் மாப்பிள்ளை என்றது. செண்பகவல்லியும் அப்படித்தான் நினைத்தாள். கைவிடப்பட்ட மனுஷன், அவனை இன்னொருத்தியும் நோகடிக்கக் கூடாது என்று, அந்த இரக்கத்தையே பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தினாள். அவன் கடை வைத்துக் கொடுத்தபோதும், கம்ப்யூட்டர் வாங்கி வந்து துண்டால் துடைத்து மேசையில் வைத்தபோதும், இவ்வளவு நல்லவனை விட்டுப் போக அக்காவுக்கு எப்படி மனசு வந்தது என்று அவளுக்கு ஆத்திரம்கூட வந்திருக்கிறது. இப்போது அந்தத் தாடையைப் பார்க்கவே பயமாக இருந்தது. அக்கா காணாமல்போன அதே நேரத்தில் இவனுக்குள் ஒரு சொல் தொடங்கியிருக்கிறது. இவன் என்ன செய்தான் என் அக்காவை?

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவனிடம் நேரே கேட்டாள்.

"ஏங்க, அக்கா போன அன்னைக்குக் காலைல நீங்க எங்க இருந்தீங்க?"

சுடலைமணி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான். சின்னக் கோடு ஒன்று எழுந்து, திணறித் திணறி நிறைந்தது.

"அதத்தான் சொல்லணும்னு இருக்கேன், செண்பகம். அந்தக் கோடு முடியாம எனக்கு வாய் வராது. எத்தன தடவ முயற்சி பண்ணிட்டேன் தெரியுமா?"

"அக்கா உயிரோட இருக்காளா, அத மட்டும் சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. கையைக் கழுவிவிட்டு வண்டிக்குப் போய்விட்டான். செண்பகவல்லி அந்தத் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆவாரங்கோட்டையில் ஒரு வீட்டுச் சமாச்சாரம் அந்த வீட்டோடு நின்றதாகச் சரித்திரம் இல்லை. திங்கட்கிழமை, ஒன்பதே முக்கால் என்ற இரண்டு சொல் டீக்கடைக்குப் போனதும் சங்கிலி டீ ஆற்றுவதையே விட்டுவிட்டார். டவுன்பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வரிசை சீட்டில் யாரும் உட்காரவில்லை. கண்மாயை இன்னொரு தடவை கலக்கிப் பார்க்கலாமா என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஒருத்தர் கோட்டை ஒருத்தர் வெட்டி வெட்டி, ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்தார்கள். ரத்தினக்கனி மட்டும் தெளிவாக இருந்தாள்.

"ஏட்டி, நான் சொல்லுறதக் கேளு. புதன்கிழம பதினொன்னேகாலுக்கு வண்டி நம்ம ஸ்டாப்புலதான் நிக்கும். நான் வாரேன். கடைசி நூல் இருக்கும்போது ஒரு சத்தம் குடுத்தா முடிஞ்சுது. பன்னெண்டு வருசம் தேடியும் கெடைக்காதவ இனிமே கெடைக்கவா போறா?"

"அப்போ எங்க அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாமலே போயிருமே மதினி."

"தெரிஞ்சு என்ன செய்யப்போற? உனக்குன்னு இருக்குறது ஒரு புருசன், ஒரு கடை. அவன் கொன்னேன்னு சொல்லிட்டான்னு வையி, நாளைக்கு யாருக்குச் சோறாக்குவ? இந்த ஊருல எல்லாரும் வெட்டிக்கிட்டு நிம்மதியாத்தான இருக்கோம்?"

ஆறு நாள் செண்பகவல்லிக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. பதினான்காம் பாடத்தைத் திறந்து, அந்தச் சின்னச் சொல்லைத் தட்டுவாள், அழிப்பாள், தட்டுவாள், அழிப்பாள். கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனால் பயமும் போய்விடுமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். போகாது என்று அவளுக்கே தெரியும். கிள்ளானிலிருந்து ஒரு மாணவன், எப்போது திருத்துவீர்கள் என்று கேட்டதற்கு, 'புதன்கிழமைக்குப் பிறகு' என்று எழுதிப் போட்டாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் தானாகவே காலியாகிவிட்டது. கங்காணி தடுக்க நினைத்தார், அவருடைய கோட்டை அறுபது பெண்கள் சேர்ந்து வெட்டினார்கள். பஸ் வந்து நின்றபோது ஸ்டாப்பில் ஊரே நின்றது. வண்டிக்குள் இருந்தவர்களும் இறங்கவில்லை, இறங்கியவர்களும் வீட்டுக்குப் போகவில்லை. சுடலைமணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, ஜெராக்ஸ் கடை வாசலில் செண்பகவல்லிக்கு எதிரே வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பச்சைக் கோட்டில் ஒரு நூல்தான் பாக்கி.

ரத்தினக்கனி வாயைத் திறந்தாள். அவள் கோடு எழுந்து கிடுகிடுவென்று ஏறியது, "பல்லி" என்ற சொல் உதடு வரைக்கும் வந்துவிட்டது. செண்பகவல்லி திரும்பியே பார்க்காமல் கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"யாரும் சத்தம் போடாதீங்க" என்றாள் ஊரைப் பார்த்து. "அவங்க சொல்லட்டும்."

யாரும் தும்மவில்லை, இருமவில்லை. கோடு நிறைந்தது.

"பரமுவ அனுப்பி வச்சது நாந்தான்" என்றான் சுடலைமணி.

பன்னிரண்டு வருஷம் அடைத்திருந்த தொண்டை, ஒரு தடவை திறந்ததும் நிற்கவில்லை. "கம்மாக்கரை ஸ்டாப்புல முக்காடு போட்டுக்கிட்டு ஏறுனா. கோவில்பட்டி வரைக்கும் என் வண்டியிலதான் வந்தா. அங்க திருப்பூர் பஸ்ல நாந்தான் ஏத்தி விட்டேன். அவளுக்கு என்னக் கட்ட இஷ்டமில்ல, மேல படிக்கணும்னு முந்துன நாளே எங்கிட்ட வந்து சொல்லிட்டா. எனக்கும் அவ மேல இஷ்டமில்ல, அவ தங்கச்சி மேலதான்னு நானும் அவகிட்ட சொன்னேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே உன்னத்தான் பாத்தேன் செண்பகம். மூத்தவ இருக்கும்போது எப்படிக் கேக்குறதுன்னு இருந்தேன். அவ இருக்கா. நல்லாருக்கா. டீச்சராருக்கா."

பாவம் மாப்பிள்ளை என்று பன்னிரண்டு வருஷம் சொல்லி வந்த ஊர், சொன்ன வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றது. ரத்தினக்கனி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா உயிரோடு இருக்கிறாள். அது செண்பகவல்லியின் காதில் விழுந்தது, ஆனால் சந்தோஷப்படவேண்டிய இடம் மரத்துப்போயிருந்தது. அம்மா கேட்ட கேள்வியும், இவன் சொன்ன 'இல்ல அத்த'யும், ஆயிரம் சாயங்காலமும் ஒன்றாக வந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன.

"எங்க அம்மா உங்ககிட்டதான கேட்டா?" என்றாள். "தெனமும் உங்ககிட்டதான வந்து கேட்டா?"

"சொன்னா கல்யாணம் நெலைக்காதுன்னு பயந்துட்டேன். அப்புறம் சொல்ல வாய் வரல."

"அக்கா என்னயப் பத்தி ஒன்னும் கேக்கலையா?"

சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டா. பஸ்ல ஏறும்போது கேட்டா. நான் போயிட்டா மேடையில செண்பகத்த உக்கார வச்சிருவாங்களே, அவளும் படிக்கிறாளேன்னா. நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். சரின்னு ஏறிட்டா."

செண்பகவல்லிக்குக் கோடு எழுந்தது. ஊரே பார்க்க, அவசரமே இல்லாமல் நிறைந்தது. வெட்ட ஒருத்தருக்கும் நா எழவில்லை.

"அவ படிக்கணும்னா, போனா. உங்களுக்கு நான் வேணும்னு இருந்துச்சு, எடுத்துக்கிட்டீங்க. ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்க. நான் அன்னைக்குக் காலேஜுலதான் இருந்தேன், உங்க வண்டி அந்த வாசல்லதான் நின்னு போகும்" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

கேட்டுவிட்டு அவன் தாடைக்குக் கீழே பார்த்தாள். அவள் பார்த்தாள், ஊர் பார்த்தது, ஜன்னல் வழியாக எட்டிப் பயணிகள் பார்த்தார்கள். பச்சைக் கோடு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கண்டக்டர் விசில் ஊதவேண்டிய நேரம் தாண்டி, அடுத்த வண்டியும் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகும், அந்த இடத்தில் எந்தக் கோடும் எழவில்லை.